இருநூற்றுப் பதினான்கு வீடுகளும் ஒரு பூஜ்ஜியமும்

வாடிய வெயிலை வழியனுப்பி, வண்ண விளக்கை வரவேற்று, வெள்ளானூர் வேம்புலியம்மன் நகர்க் குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, கழுத்திலே மாலையேற்று, "கஸ்தூரிக்குப் பத்தே நிமிஷம்" என்று எச்சரிக்கையும் விடுத்து வீற்றிருக்கிற சங்கத் தலைவர், அண்ணன் கலியமூர்த்தி அவர்களே! மேடையின் ஓரத்து நாற்காலியில், பேச அழைத்தால் எழுந்து ஓடிவிடும் தோரணையில் அமர்ந்திருக்கிற எங்கள் மருத்துவர் ஆக்னஸ் இருதயராஜ் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்த மூத்தோர்களே! பெற்றெடுத்த தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே, பெற்றது போதும் சாமி என்று கும்பிடு போட்ட தாய்மார்களே! என் முகத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்து, இறுதியில் கைப்பேசியே அழகு என்று முடிவெடுத்துவிட்ட இளைஞர்களே! மூன்றாம் வரிசையில் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிற என் கணவர் அசோக் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கஸ்தூரியின் கனிவான மாலை வணக்கம்!

என்னைத் தெரியாதவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கலாம். மூன்றாவது தெரு, நீலக் கதவு வீடு. பகலிலே திருமழிசைத் தொழிற்பேட்டையில் பிரேக் பாகங்களை அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லுகிற வேலை. மாலையிலே மேடை கிடைத்தால் மேடை. மேடை கிடைக்காவிட்டால் அசோக்.

அண்ணன் கலியமூர்த்தி எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார். "நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்." அற்புதமான தலைப்பு! ஆனால் அன்பர்களே, இந்தத் தலைப்பில் பேச எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, கேட்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது. ஏன்? நீங்கள்தான் இந்தப் பூமிப் பந்திலேயே நோயற்ற மக்கள்! நான் சொல்லவில்லை. எழுத்திலே இருக்கிறது. முத்திரையோடு இருக்கிறது. அந்த முத்திரையைக் குத்தியவர் இதே மேடையில் மாலையோடு இருக்கிறார்.

இன்னா கதை என்கிறீர்களா? சொல்லத்தானே வந்தேன்.

நம் டாக்டர் ஆக்னஸ் அம்மா, வியாழக்கிழமைதோறும் ரேஷன் கடை மாடியில் ஓர் அறையில் உட்கார்ந்து மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். "எனக்குத் தெரியாது" என்று தலையாட்டுகிற அந்த அம்மாவுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். ஏழு வருடமாகப் பார்க்கிறார். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தன் விடுப்பை எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறார். அப்படிப் பார்த்ததில் அவருக்கு ஒரு கேள்வி முளைத்தது. மாத்திரை சாப்பிட்டு நன்றாகத் தேறி வருகிறவர்கள் திடீரென்று பாதியில் நிறுத்திவிடுகிறார்களே, ஏன்? மறுபடியும் விழுகிறார்களே, ஏன்? வீட்டுக்கே போய்ப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் விழாமல் தடுக்க முடியுமா? இதை மூன்று வருடம் இங்கேயே இருந்து ஆராய வேண்டும் என்றார்.

ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும். நிதிக்கு விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பம் நமக்குப் புதிதா? மின் இணைப்புக்குப் போட்டோம், கிடைத்தது. குடிநீருக்குப் போட்டோம், குழாய் கிடைத்தது. பட்டாவுக்குப் போட்டோம், போட்டோம், இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆனால் மக்களே, ஆராய்ச்சி விண்ணப்பம் இருக்கிறதே, அது வேறு சாதி! நாற்பத்தாறு பக்கம்! என்ன நோய்? எத்தனை பேருக்கு? இந்த ஊரில் ஏன்? அடுத்த ஊரில் ஆராய்ந்தால் ஆகாதா? எப்படிக் கண்டுபிடிப்பாய்? கண்டுபிடிக்காவிட்டால் என்ன செய்வாய்? உனக்கு முன்னால் யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வாய்? பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை, ஐயா!

அந்த விண்ணப்பத்தோடு இரண்டு காகிதம் இணைக்க வேண்டும். ஒன்று, இந்த நகரில் வீடு வீடாகப் போய் எடுத்த முன்னோட்டக் கணக்கெடுப்பு. இன்னொன்று, ஊர்ச் சங்கத்தின் ஆதரவுக் கடிதம். இந்த இரண்டு காகிதத்தையும் வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் சேர்ந்து அந்த அம்மாவை எப்படிக் கவிழ்த்தோம் என்பதுதான் என் உரையின் உயிர்நாடி.

முதலில் கடிதத்துக்கு வருகிறேன். அண்ணே, கோபித்துக்கொள்ளக் கூடாது. சிரிக்கிறார், நல்ல மனது.

டாக்டரம்மா அண்ணனிடம் போய், "சார், இந்த ஆராய்ச்சிய உங்க சங்கம் ஆதரிக்குதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார். அண்ணன் யார்? ஆறு தெருவுக்கும் நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்துப் பழகிய கரம்! அந்தக் கரம் சும்மா இருக்குமா? அதுவும் நம் நகரில் ஐந்தாவது தெருவில் அண்ணனுடைய மனை இன்னும் பன்னிரண்டு விற்காமல் கிடக்கும்போது சும்மா இருக்குமா? எழுதினார். என்ன எழுதினார்? "எமது நகர் அமைதியும் ஆரோக்கியமும் நிறைந்தது. இங்கு மனநோயாளிகள் எவரும் இல்லை என உறுதியளிப்பதோடு, அவர்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சியை மனமார ஆதரிக்கிறேன்." கீழே கையெழுத்து. அதன்மேல் முத்திரை. முத்திரை சரியாக விழவில்லை என்று பக்கத்திலேயே இன்னொரு முத்திரை!

ஆடு இல்லாத ஊரில் ஆட்டு ஆஸ்பத்திரி கட்டுவதை மனமார ஆதரிக்கிறாராம் அண்ணன்.

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். அடுத்தது உங்கள் முறை.

கணக்கெடுப்புக்கு வந்த பெண் பவ்யா. முகப்பேர்ப் பிள்ளை. டாக்டரம்மாவின் ஆராய்ச்சி உதவியாளர். வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கையில் அட்டையும் காகிதமுமாக முதல் தெரு முதல் வீட்டில் ஆரம்பித்தாள். அது துலுக்கானம் அண்ணன் வீடு. இதோ உட்கார்ந்திருக்கிறார், அவரே சாட்சி.

"ஐயா, உங்க வீட்ல யாருக்காவது மனநலப் பிரச்சனை இருக்கா?"

"இன்னாமா கேக்குற? நம்ம ஊட்டுலயா? அதெல்லாம் நம்ம பரம்பரைலயே கெடையாது. எதிர் ஊடு கீது பாரு, சாமுண்டீஸ்வரி ஊடு, அங்க போய்க் கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத."

பவ்யா எதிர் வீட்டுக்குப் போனாள். சாமுண்டீஸ்வரி அக்கா இடுப்பிலே கையை வைத்தார்.

"எவன் சொன்னான்? எங்க ஊட்டுல அல்லாரும் சோக்கா கீறோம். பின்னாடித் தெருவுல போய்ப் பாரும்மா, அங்க ஒர்த்தர் தனியாப் பேசிகினு போவாரு."

பின்னாடித் தெருவில் கேட்டால் ஐந்தாவது தெரு. ஐந்தாவது தெருவில் கேட்டால் அடுக்குமாடிக்காரர்கள். அடுக்குமாடியில் மென்பொருள் தம்பி ஒருவர் கதவை அரை அடி திறந்து, "மேடம், நாங்க வாடகைக்கு இருக்கோம், நோயெல்லாம் ஓனர்கிட்டத்தான் கேக்கணும்" என்றார். இப்படியே சுற்றிச் சுற்றி, மூன்றாம் நாள் மாலையில் கடைசி வீட்டுக்காரர் கைநீட்டிக் காட்டிய வீடு எது தெரியுமா? முதல் தெரு, முதல் வீடு, துலுக்கானம் அண்ணன் வீடு! "நாலு நாளுக்கு முந்தி வந்த பொண்ணுதானே நீ? மறுபடியும் இன்னாத்துக்கு வந்துகினு கீற?" என்று கேட்டாராம் அண்ணன்.

மூன்று நாள்தான் அண்ணே. "நாலு நாள்" என்று நீங்கள் சொன்னதும் கணக்கெடுப்பில் சேராது, பயப்படாதீர்கள்.

இருநூற்றுப் பதினான்கு வீடு. எத்தனை நோயாளி? பூஜ்ஜியம்! அம்பத்தூரில் இருக்கிறது. ஆவடியில் இருக்கிறது. முகப்பேரில் மாடிக்கு மாடி இருக்கிறது. பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தில் இறங்கிக்கூட நிற்கிறது. வேம்புலியம்மன் நகர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மட்டும் அந்த நோய் ஷேர் ஆட்டோவை நிறுத்தி, இறங்கி, கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறதா? பதில் சொல்லுங்கள், பெரியோர்களே!

அப்படியானால் வியாழக்கிழமை ரேஷன் கடை மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்?

இப்போது பாருங்கள், எத்தனை பேர் குனிந்து செருப்பைத் தேடுகிறீர்கள்! அண்ணன்கூட மைக்கைச் சரிசெய்கிறார். மைக் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே.

பெயர் சொல்ல மாட்டேன். அம்மன் சத்தியமாகச் சொல்ல மாட்டேன். காட்சியை மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை காலையில் ரேஷன் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவோம். ரேஷன் கடை வாசல்வரை ரேஷன் நடை. வாசலில் ஒரு பார்வை இடப்பக்கம், ஒரு பார்வை வலப்பக்கம். அடுத்த நொடி மாடிப்படியில் இருப்போம். கடை விற்பனையாளர் ஒருமுறை என்னிடமே கேட்டார், "இன்னாக்கா, வியாழக்கெழம மட்டும் இவ்ளோ பேர் பையோட வர்றீங்க, ஒர்த்தரும் அரிசி வாங்க மாட்டேன்றீங்க?" என்று.

மேலே ஒரு நீள பெஞ்சு. ஒருநாள் அதில் பதினொரு பேர். நான் பக்கத்திலிருந்த அம்மாவிடம், "உடம்பு சரியில்லையா?" என்றேன். "எனக்கு இல்லப்பா, நான் ஒர்த்தருக்குத் துணைக்கு வந்தேன். நீ?" "நானும் துணைக்குத்தான்." அந்தப் பக்கம் இருந்தவரும் துணை. அவருக்கு அடுத்தவரும் துணை. கடைசியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஹெல்மெட்டோடு. அறைக்குள்ளே, மின்விசிறிக்குக் கீழே, தலைக்கவசத்தின் கண்ணாடியையும் இறக்கிவிட்டு! அவரும் கையை அசைத்துத் துணை என்றே சைகை காட்டினார். பதினொரு துணை, ஒரு நோயாளியும் இல்லை! உள்ளேயிருந்து குரல் வந்தது: "டோக்கன் நாலு!" யாரும் எழுந்திருக்கவில்லை. "டோக்கன் நாலு!" எல்லோரும் கூரையைப் பார்த்தோம். "டோக்கன் நாலு யாருங்க?" ஹெல்மெட்டுக்காரர் மட்டும் தன் கையிலிருந்த சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் இறுக்கிக்கொண்டார்.

அந்த நாலாம் எண் சீட்டு யாரிடம் இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தலைவரிடமிருந்து முதல் சீட்டு வந்திருக்கிறது. "நேரம் ஆகிறது." ஆகட்டும் அண்ணே. நேரத்துக்கு அதைவிட வேறு என்ன வேலை?

சரி, கடைசித் தேதி வந்துவிட்டதால் கிடைத்த காகிதங்களோடே விண்ணப்பம் போனது. நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிதி தருகிற குழுவின் பதில். நாற்பத்தாறு பக்கத்துக்கு இரண்டே வரி: "தாங்கள் அனுப்பிய கணக்கெடுப்பின்படியும் ஊர்ச் சங்கத்தின் உறுதிமொழிப்படியும் இப்பகுதியில் மேற்படி நோய்கள் இருப்பதற்குச் சான்று இல்லை. எனவே ஆய்வுக்குத் தேவை எழவில்லை." அவர்கள் மேல் தவறு உண்டா? இல்லாத நோய்க்கு யார் நிதி தருவார்கள்?

டாக்டரம்மா அழவில்லை. அவர் அப்படித்தான். "கஸ்தூரி, ரெண்டாவது தடவ போட அனுமதி குடுத்திருக்காங்க. புதுசா கணக்கெடுத்து அனுப்பணும். இதுவும் இல்லன்னா வருஷக் கடைசியோட அந்த ரூமக் காலி பண்ணணும். இனிமே எனக்கு வியாழக்கிழமை லீவு கிடையாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க" என்றார். நிதி வந்தால் இங்கேயே முழுநேரமாக மூன்று வருடம் இருப்பார். வராவிட்டால் போவார். போனால், மாத்திரைக்காக நாம் இரண்டு பஸ் மாறி, ஒருநாள் ஷிஃப்டை விட்டு, ஊரின் அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். எத்தனை பேர் ஓடுவோம்? ஒரு மாதம் ஓடுவோம், இரண்டாம் மாதம் மெதுவாக நடப்போம், மூன்றாம் மாதம் வீட்டில் உட்கார்ந்துவிடுவோம். பாதியில் நிறுத்துவது ஏன் என்று ஆராய வந்தவரையே பாதியில் நிறுத்திவிடுவோம்!

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. என் மேசையில் சிவப்பு டிரே ஒன்று இருக்கும். அளவு தப்பிய பாகத்தை அதிலே போடுவேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு ஒரு பீஸுகூட ரிஜெக்ட் இல்ல!" என்று துள்ளிக்கொண்டு வந்தாள். மேற்பார்வையாளர் பாராட்டினாரா? "நீ அளக்கவே இல்ல" என்று திட்டினார்! எங்கள் தொழிலில் பூஜ்ஜியம் என்றால் பெருமையல்ல, பூஜ்ஜியம் என்றால் யாரோ பொய் சொல்கிறார் என்று அர்த்தம். சிவப்பு டிரேயில் விழுந்த பாகத்தைச் சரிசெய்துவிடலாம். மறைத்து அனுப்பிய பாகம்தான் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்காமல் போகும்.

இருபது வருடமாக இதைத் தெரிந்து வைத்திருக்கிற இந்தக் கஸ்தூரி, பவ்யா வந்து கதவைத் தட்டியபோது என்ன செய்தாள்?

அந்தக் கணக்கெடுப்புக் காகிதத்தின் தமிழைத் திருத்திக் கொடுத்தவளே நான்தான். கேள்விகளை நானே எழுதினேன். அவள் வாசிக்க வாசிக்க, என் கேள்வி என் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா! இனிமையை ரசித்துக்கொண்டே பதில் சொன்னேன்: "அய்ய, நம்ம ஊட்டுல அதெல்லாம் இல்ல கண்ணு." டீ கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே என் வேளை வந்துவிட்டது. சமையலறை அலமாரியில் வெந்தய டப்பாவைத் திறந்து, மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினேன். "என்ன மாத்திரை ஆன்ட்டி?" என்றாள். "சத்து மாத்திர" என்றேன்.

நான் எழுதிய கேள்விக்கு நானே பொய் சொன்னேன், மக்களே. இருநூற்றுப் பதினான்கில் ஒரு பூஜ்ஜியம் என்னுடைய கையால் போட்டது.

டோக்கன் நாலு, நான்தான்.

பாருங்கள், இரண்டாவது சீட்டு. "முடிக்கவும்." அண்ணே, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்தது. மனம் ஒருசமயம் மலையேறும், ஒருசமயம் பாதாளம் போகும், அந்த நோய். ஏறிய நாட்களில் என்ன செய்தேன் தெரியுமா? தொழிற்சாலை அளவுக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டிலுள்ள டம்ளர் அத்தனையையும் அளந்து, பாதியைத் தேறவில்லை என்று சிவப்பு வாளியில் போட்டேன். தொழிற்சாலையை அப்படியே கடற்கரைக்கு மாற்றினால் உற்பத்தி பெருகும் என்று முதலாளிக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினேன். காரணமே இல்லாத ஒரு விழாவுக்குத் தெரு முழுவதையும் அழைத்து, வாடகை நாற்காலி எழுபதை வாசலில் இறக்கினேன். நீங்கள் வந்தீர்கள். கேசரி சாப்பிட்டீர்கள். என்ன விசேஷம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்கும் நன்றி!

சிரியுங்கள், எனக்கே இப்போது சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அடுத்த இரண்டு மாதத்துக்குச் சிரிப்பில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பல் துலக்க எழ முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படித்த என் மகள் காவ்யா, பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் என்னை நிமிர்த்தி உட்காரவைத்து எனக்குத் தலைவாரிவிடுவாள். இன்றைக்கும் தலைவார உட்கார்ந்தால் அவள் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அசோக் என்னை ரேஷன் கடை மாடிக்குத் தூக்கிக்கொண்டுதான் போனார். அங்கே இருந்து நடந்து இறங்கி வர எனக்கு ஐந்து மாதமாயிற்று. நடுவிலே ஒருமுறை, நன்றாகிவிட்டேனே என்று மாத்திரையை நிறுத்தினேன். ஏன் தெரியுமா? ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பத்து நாள் தங்க வந்தார்கள். அவர்கள் முன்னால் வெந்தய டப்பாவைத் திறக்க வெட்கம். அவ்வளவுதான் காரணம்! இந்தக் காரணத்தை யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா? எந்தப் புத்தகத்திலாவது வெந்தய டப்பா வருகிறதா? இதைத்தான், ஐயா, டாக்டரம்மா ஆராய வேண்டும் என்கிறார்!

பின்னே பவ்யாவிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். காவ்யாவுக்கு வரன் பார்க்கிறோம். பூந்தமல்லியில் ஒரு நல்ல இடம். விசாரிக்க ஆள் வருவார்கள், தெருவில் நாலு பேரிடம் கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் அதுதானே காரணம்? ஒரு வீட்டில் பெண், ஒரு வீட்டில் பையன், ஒரு வீட்டில் விற்காத மனை. ஆளுக்கொரு காரணம், எல்லோருக்கும் ஒரே பூஜ்ஜியம்.

முந்தாநாள் காவ்யாவிடம் சொன்னேன், "மேடைல சொல்லப் போறேன், வேணாம்னா விட்டுடறேன்" என்று. அம்பத்தூரில் வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "மறைச்சுக் கட்டிக் குடுத்தா, நான் அங்க போயும் காலம் பூரா மறைச்சுகினு இருக்கணும்மா. என்னால ஆவாது. சொல்லு" என்றாள். அவளே பூந்தமல்லிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும், நான் ஏழு வருடம் யோசித்தேனே. அசோக்கிடம் கேட்டதற்கு, "உன் மாத்திர, உன் மைக்கு. நான் இன்னாத்துக்குக் குறுக்க வரேன்?" என்றார். ஆனாலும் முழங்காலை விடவில்லை, பாருங்கள்.

இந்த அம்மா இவ்வளவு பேசுகிறாளே, இதுவே நோய்தானோ என்று ஒரு குரல் பின்னால் கேட்கிறது. இல்லை தம்பி! மாத்திரை சாப்பிட்டதால்தான் இவ்வளவோடு நிற்கிறது. சாப்பிடாத கஸ்தூரியாக இருந்தால் விடியும்வரை பேசி, நாளைக்குக் கூட்டத்தைக் கடற்கரைக்கும் மாற்றியிருப்பாள். தலைவர் அந்த மாத்திரைக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும்!

அன்பர்களே! நாளை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பவ்யா மறுபடியும் வருகிறாள். உங்கள் பெயரை எழுத மாட்டாள். ஓர் எண் மட்டும் எழுதுவாள். சொல்ல விருப்பமில்லை என்றால், "விருப்பமில்லை" என்றே சொல்லலாம். அதற்கும் காகிதத்தில் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம், அது உங்கள் உரிமை, யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் இருப்பதை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்! எதிர் வீட்டைக் காட்டாதீர்கள்! நீரிழிவு இருந்தால் கல்யாணப் பந்தியிலேயே சத்தமாகச் சொல்லுகிறோமே, "எனக்குச் சுகர், பாயசம் வேணாம்" என்று! அந்தச் சத்தத்தில் கால்பங்கு போதும். வாசற்படியில் நின்று மெல்லச் சொன்னாலும் போதும். நோய் நம் குற்றமா? இல்லை! வெட்கப்பட வேண்டியது நாமா? இல்லை! இந்த அறையைக் காலி செய்ய விடலாமா? "கூடாது" என்று சாமுண்டீஸ்வரி அக்கா சொல்லுகிறார். இடுப்பில் கை வைத்தே சொல்லுகிறார்!

நாற்பத்தாறு பக்கத்தையும் டாக்டரம்மா எழுதிவிடுவார். முறையை எழுதுவார், நோக்கத்தை எழுதுவார், இரவல் வாங்கிய கணினியில் திருத்தித் திருத்தி எழுதுவார். ஆனால் ஒரே ஒரு கட்டத்தை அவரால் நிரப்ப முடியாது. "எத்தனை பேர்?" என்கிற கட்டம். அதை நிரப்ப வேண்டியவர்கள் நாம். நாளைக்கு முதல் வீடு துலுக்கானம் அண்ணன் வீடு இல்லை. மூன்றாவது தெரு, நீலக் கதவு. அந்தப் பூஜ்ஜியத்தை நானே அடித்துவிட்டு ஒன்று என்று போடுகிறேன்.

இதோ, தலைவரிடமிருந்து மூன்றாவது சீட்டு. முடிக்கச் சொல்கிறார், முடித்துவிடுகிறேன் அண்ணே, முடித்து...

அண்ணே. இதைச் சத்தமாக வாசிக்கலாமா? எல்லோரும் இருக்கிறார்கள். வாசிக்கட்டுமா?

தலையாட்டுகிறார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், அண்ணன் தலையாட்டிவிட்டார். மறுபடியும் ஆட்டுகிறார். வாசிக்கிறேன்.

"டோக்கன் ஏழு. ஹெல்மெட்டு நான்தான். லெட்டரை வேறயா எழுதிக் குடுக்கறேன். டைமப் பத்திக் கவலப்படாத, நீ பேசு."

பேசு என்கிறார். இந்த மேடையில் ஏறிய நாளாக என்னைப் பேசு என்று அண்ணன் சொன்னது இதுவே முதல்முறை, எனக்கோ பேச்சு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன், இருங்கள். டாக்டரம்மா, நீங்கள் அழக் கூடாது, நீங்கள் எண்ண வேண்டியவர். இரண்டாயிற்று, அம்மா!

இத்தனை நேரம் சுண்டலைக்கூட மறந்து காதுகொடுத்த உங்களுக்கும், தலைக்கவசத்தைக் கழற்றிய தலைவருக்கும், முழங்காலை இப்போதுதான் விட்ட அசோக்குக்கும் நன்றி. நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் ஓசை கேட்கும். திறந்து வையுங்கள். வணக்கம்!